விசிட் நாள் தண்ணீர்

1

நாய்களுக்குக் குடிநீர்க் குழாய் பதித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

இதை வாசிக்கும் நம்மூர் ஆட்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் முதலில் சிரித்தேன். நியூசிலாந்தின் தென் தீவில் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் ஒரு சேவைக் கழகம் இருக்கிறது. கடைக்காரர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மாட்டுப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் அதில் உண்டு. சனிக்கிழமைகளில் ஹாட்வெயார் கடை வாசலில் சோசேஜ் சுட்டு, பாண் துண்டில் மடித்து விற்பார்கள். அதில் சேர்வதைக் கொண்டு ஊருக்கு ஏதாவது செய்வார்கள். நாய்களை அவிழ்த்து ஓடவிடுவதற்கென்றே இங்கே ஒரு பூங்கா உண்டு. அங்கே நாய்கள் குடிக்க ஒரு குழாய் வேண்டும் என்பது அந்த வருடத் தீர்மானம்.

நான் கழகத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பால்மாத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. வேலை விட்டால் அறை, அறை விட்டால் வேலை. நாலு மனுஷ முகம் பார்க்கலாமே என்று போனேன். மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள். பள்ளம் வெட்டி, கறுப்புக் குழாயைச் சுருள் பிரித்து இறக்கி, மண் மூடி, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டோம். கழகத் தலைவி மார்கரெட் குழாயைத் திறந்தார். பழுப்பு நாயொன்று வந்து முகர்ந்து பார்த்தது, இரண்டு வாய் நக்கியது, பிறகு பக்கத்திலிருந்த சேற்றுக் குட்டையில் போய்க் குடித்தது.

மிச்சக் குழாய்ச் சுருள் என் காலடியில் கிடந்தது. இலங்கையில், ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மேல் லயம் என்று ஒரு தொழிலாளர் வீட்டு வரிசை இருக்கிறது. அதற்கும் மேலே, உதவி மேலாளரான சின்னத்தொரை இருந்த பழைய பங்களாவுக்குப் பின்னால், வருடம் முழுக்க வற்றாத ஊற்று. ஆனால் லயத்து ஆட்கள் தண்ணீருக்குப் போவது கீழே, ரோட்டோரத்தில் தண்ணீர் கொட்டும் பீலிக்கு. படி இறங்கிப் பிடித்து, குடத்தை இடுப்பில் வைத்து, படி ஏறவேண்டும். தானாக இறங்கி வரக்கூடிய தண்ணீரை என் அக்கா வசந்தா பிறந்ததிலிருந்து தூக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறாள். இங்கே நாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறது.

ஒரு சில சுருள் குழாய், நாலைந்து சனிக்கிழமை. அவ்வளவுதானே என்று தோன்றியது. மண் கையோடேயே மார்கரெட்டிடம் போய்ச் சொன்னேன்.

2

அவ்வளவுதான் இல்லை என்று பிறகு தெரிந்தது.

சம்பளமில்லாமல் வேலை செய்கிறவருக்கும் இந்த நாட்டில் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். சோசேஜ் திருப்பிப் போடுவதற்கு அரை நாள் பாதுகாப்பு வகுப்பு. வெளிநாட்டில் ஒரு வேலை செய்ய வேண்டுமானால் அந்த ஊரிலும் ஒரு சேவைக் கழகம் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். தோட்ட நிர்வாகம் சம்மதம் தர வேண்டும். நான் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் ஓர் எஸ்டேட்டில் வளர்ந்தவள்" என்று ஆங்கிலத்தில் தொடங்கியதும், பின் வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ முணுமுணுத்தார். மாளிகையும் குதிரைகளும் உள்ள பண்ணையின் வாரிசு என்று நினைத்துவிட்டார்களாம். பிறகு படம் காட்டிப் புரியவைத்தேன்.

நம்மூர்ப் பக்கத்துக்கு தினேஷ் இருந்தான். ஆறாம் வகுப்பு முதல் என்னோடு படித்தவன். ருவான்வெல்லை பஜாரில் அவன் அப்பாவின் இரும்புக் கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். அங்குள்ள சேவைக் கழகத்துக்குச் செயலாளரும் அவனே. சிங்களத்தில் பேசத் தொடங்கினால் யாரும் அவனைத் தமிழன் என்று சொல்லமாட்டார்கள். போய், பேசி, தோட்ட மேலாளரான தொரையிடம் சம்மதம் வாங்கிவிட்டான். குழாய் பங்களாத் தோட்டத்தைக் கடந்துதான் வர வேண்டும், அங்கே ஒரு வால்வு வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது என்ன பெரிய விஷயம் என்று இருந்துவிட்டேன்.

மேல் லயத்து ஆட்கள் கூலி வாங்காமல் சிரமதானமாகப் பள்ளம் வெட்டினார்கள். மழை பெய்தால் ரப்பர் மரம் வெட்ட முடியாது, பட்டை நனைந்தால் பால் வீணாகிவிடும். அந்த நாட்களில் எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். தினேஷ் அனுப்பிய படங்களை நான் கழகத்தில் போட்டுக் காட்டினேன். சேற்றில் முழங்கால் வரை நிற்கும் அக்காவைப் பார்த்து மார்கரெட், "இவரை நம் கழகத்தில் சேர்க்க வேண்டும்" என்றார்.

திறப்பு விழா வீடியோ இப்போதும் என் போனில் இருக்கிறது. அக்காதான் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வேகமாக வந்து அவள் சேலையை நனைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தொழிற்சாலை உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்மா போன பிறகு அக்கா பால் வெட்டப் போனதால்தான் நான் பாடசாலைக்குப் போனேன். அவளுக்கு என்னால் ஒன்று செய்ய முடிந்தது என்று நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்த ஒரு வருடமும் நான் கொஞ்சம் தலை நிமிர்ந்தே நடந்தேன்.

3

குழாய்க்கு முதலாம் ஆண்டு நிறைவு வந்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பெரிய திரையில் அக்காவோடு நேரடியாகப் பேசலாம் என்றார் மார்கரெட். இங்கே மாலை, அங்கே ரப்பர் பால் நிறுத்து முடிந்து வரும் நேரம். எல்லாம் சரியாக வர வேண்டுமே என்று, நெட் எப்படி இருக்கிறதெனப் பார்க்க முன்கூட்டியே வீடியோவில் கூப்பிட்டேன்.

போனை எடுத்தது அக்கா மகள் கவிஷா. அவளுக்கு ஐந்தாம் வகுப்பு. பஜாரில் சிங்களப் பாடசாலையில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் சிங்களத்தில் பதில் சொல்வாள், அதட்டினால் சிரிப்பாள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குள் போய்விட்டார்கள் என்று பெற்றோர் வருத்தப்படும்போதெல்லாம் எனக்கு இவள் ஞாபகம்தான் வரும். கடல் தாண்டாமலே இவளும் போய்க்கொண்டிருக்கிறாள்.

"அம்மா எங்கடி?"

"அம்மா பீல்லட கியா."

பீலிக்குப் போயிருக்கிறாள்.

"பீலிக்கு என்னாத்துக்கு? துணி தொவைக்கவா?"

"நே, வத்துர கேன்ன."

தண்ணீர் எடுக்க.

"குழாய்ல தண்ணி வரலையா? ஒடஞ்சிருச்சா?"

அவளுக்கு என் கேள்வி புரியவில்லை. போனைத் திருப்பி வாசலில் குழாயைக் காட்டினாள். குழாய் நன்றாகத்தான் இருந்தது. அதன் கழுத்தில் கொடிக்கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு நாள், இரண்டு நாள் கட்டிய கயிறு மாதிரித் தெரியவில்லை. முடிச்சு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

அப்போது படியில் அக்காவின் தலை தெரிந்தது, பிறகு குடம்.

4

"எப்ப இருந்துக்கா?"

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். போனைக் கவிஷாவிடமிருந்து வாங்கி, அவளை உள்ளே போகச் சொன்னாள்.

"எது?"

"தண்ணி எப்ப இருந்து வரல?"

"வரலன்னு யாரு சொன்னா? தொறந்தா வரும்."

"பின்ன?"

"தொறக்கறது இல்ல."

எரிச்சலோ கூச்சமோ இல்லாமல், அரிசி விலை சொல்வதைப் போலச் சொன்னாள். பழைய சின்னத்தொரை பங்களாவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறார்கள். விழா முடிந்த அடுத்த வாரமே பெயிண்ட் அடித்து, பின்னால் நீச்சல் குளமும் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஊற்றுத் தண்ணீர் இப்போது அங்கேதான் நிற்கிறது. லயத்துக்கு இறங்கும் வால்வுக்குப் பெட்டி வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

"சாவி யார்ட்ட?"

அவள் குடத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். நான் மறுபடி கேட்டேன்.

"இங்கதான் இருக்கு."

"எங்க?"

"நம்ம காம்பராவுல. ஆணியில. மச்சான்தானே இப்ப பங்களாவுல வாச்சரு."

அக்கா புருஷன் முருகேசு மச்சானுக்குப் பங்களாவில் காவல் வேலை கிடைத்தது எனக்குத் தெரியும். பால் வாளி தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன மனுஷனுக்கு உட்கார்ந்த வேலை கிடைத்ததே என்று நான் இங்கிருந்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன். அந்த வேலை என்ன வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"சாவி ஒங்க வீட்டு ஆணியில தொங்குது. நீ குடத்த தூக்கிக்கிட்டு பீலிக்குப் போற."

"பின்ன? நா மட்டும் தொறந்து புடிக்கவா? அடுத்த காம்பராக்காரி என்னான்னு கேக்க மாட்டாளா? எல்லாருக்கும் இல்லாதது எனக்கும் வேணாம்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல? ஞாயித்துக்கெழம தவறாம கேட்டேனே. தண்ணி எப்படின்னு கேட்டேனே."

"இருக்குன்னு சொன்னேன். இல்லாமலா இருக்கு?"

உண்மைதான். "தண்ணிக்கு என்னாடி, இருக்கு" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. யோசித்து, சரியான சொல்லைத் தேர்ந்து வைத்திருக்கிறாள்.

"சொன்னா நீ என்னா பண்ணியிருப்ப?" என்றாள் பிறகு. "தொரைக்கு போன் போட்டிருப்ப. இங்கிலீசுல கத்தியிருப்ப. மச்சான் வேல போயிருக்கும். நீ அங்க இருப்ப, நாங்கதானே இங்க இருக்கணும். சும்மா சொல்லல சுகந்தி, நீ அவ்வளவு சந்தோசமா இருந்த. அத கெடுக்க மனசு வரல."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னாள்:

"செவ்வாக்கெழமதானே வெள்ளக்காரங்க பாக்கறாங்க? அதுக்கு நீ யோசிக்காத. மச்சான்ட்ட சொல்லிட்டேன். தொறந்து விடுவாரு."

5

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'விசிட்' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் தோட்டம் பார்க்க வரும் நாள் அது. முந்திய நாளே லயத்துச் சுவருக்கும் வாசல் கற்களுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். கழிவுநீர் ஓடும் கான் துப்புரவாகிவிடும். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் அன்றைக்கு மட்டும் வெள்ளைத் துண்டும் விளையாட்டுச் சாமானும் வெளியே வரும். எனக்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கார் ஞாபகம் இருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பேன். வந்தவர்களின் ஜீப் திரும்பிப் போய் வளைவில் மறைந்ததும் ஆயம்மா வந்து அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். யாரும் அழமாட்டோம். அது அப்படித்தான் என்று எங்களுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. வந்தவர் சந்தோஷமாகப் போக வேண்டும், போன பிறகு நம் பாடு நமக்கு. அவ்வளவுதான். தாத்தா காலத்திலிருந்து செய்கிறோம், நன்றாகச் செய்கிறோம்.

ஆனால் விசிட் மேலே இருந்து வருகிறவனுக்குச் செய்வது. எனக்குச் செய்தார்கள். நான் அந்தக் காம்பராவில் பிறந்தவள், அந்தப் பீலியில் தள்ளுமுள்ளுப்பட்டுக் குடம் நசுங்கியவள். முழு லயமும் சேர்ந்து என்னை ஜீப்பில் ஏற்றி உட்காரவைத்துக் கைதட்டி அனுப்பியிருக்கிறது. அதற்கு முன்வரிசையில் என் அக்கா.

தினேஷைக் கூப்பிட்டேன். கடையில் யாருக்கோ சிங்களத்தில் ஆணி நிறுத்துக்கொண்டே பேசினான்.

"ஒனக்குத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லு."

"இரு இரு. சரி, சொல்லு. குழாய் போட்டமா இல்லையா?"

"போட்டீங்க."

"தண்ணி வந்துச்சா இல்லையா?"

"ஒரு நாள் வந்துச்சு."

"அப்புறம் அது தோட்டத்து சாமான். நா தொரையோட சண்ட புடிக்கவா? அந்த ஆளு என் கடையிலதான் எல்லாம் வாங்கறாரு. ஒண்ணு சொல்லவா, கோவிச்சுக்காத. ஒங்க ஆளுங்க கேட்டது பூரா படம். பள்ளத்த படம் எடு, பைப்ப படம் எடு, அக்கா சிரிக்கற மாதிரி படம் எடு. எடுத்து அனுப்பினேன். எதுல கொற?"

"நம்ம அஞ்சாறு வருசம் ஒரே பெஞ்சுலடா இருந்தோம்."

"அதுக்காகத்தான் ஒனக்கு சொல்லல" என்றான். இதையும் ஓர் அன்பு மாதிரியே சொன்னான். எல்லாரும் என்மேல் அன்பாகவே இருந்திருக்கிறார்கள்.

6

செவ்வாய்க்கிழமைக்கு முன் அக்காவுக்கு ஒன்று மட்டும் சொன்னேன். மச்சான் பெயர் எங்கேயும் வராது, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் வால்வைத் திறக்க வேண்டாம். பீலியில் நின்று பேசு. குடத்தோடு நில். நான் மொழிபெயர்க்கிறேன்.

"பாப்போம்" என்றாள்.

கழக மண்டபத்தில் கேக் செய்து வைத்திருந்தார்கள். குழாய் வடிவத்தில், நீல நிறத் தண்ணீர் ஒழுகுவதைப் போல. திரையில் அக்கா வந்தாள். பீலியில் இல்லை. வாசலில்தான். திறப்பு விழாவுக்குக் கட்டிய அதே சேலை. கொடிக்கயிறு இல்லை. குழாயைச் சுற்றிக் கற்களுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பின்னால் மேல் லயம் முழுக்கத் தலை வாரி நின்றது. மச்சான் மட்டும் இல்லை. அவர் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது. மண்டபத்தில் கைதட்டினார்கள், அங்கேயும் கைதட்டினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாத கவிஷா முன்னால் வந்து, "தேங்க் யூ வெரி மச், டியர் சேர்ஸ் அண்ட் மேடம்ஸ்" என்று தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

"சொல்லு சுகந்தி" என்றாள் அக்கா. "தண்ணி நல்லா வருதுன்னு சொல்லு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன். மண்டபம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்றைக்குத் தண்ணீர் வருகிறது என்று என் அக்கா சொல்கிறார்" என்றேன்.

அருமை, அருமை என்றார்கள். அந்த 'இன்றைக்கு' யாருடைய காதிலும் தைக்கவில்லை.

திரை அணைந்த பிறகு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, பூட்டு, நீச்சல் குளம். சாவி யாரிடம் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு மார்கரெட், "ஆனால் இப்போதுதானே பார்த்தோம்" என்றார்.

"நீங்கள் பார்ப்பதற்காகத் திறந்தார்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷி அவர். அதனால்தான் அடுத்து வந்தது எனக்குத் தாங்கவில்லை. இந்தத் திட்டத்தை இந்த வருடப் பரிசுக்கு அனுப்பியாகிவிட்டதாம், அக்காவின் படம்தான் முகப்பாம். "செயற்குழுவில் பேசுவோம். இன்றைக்கு இதைக் கொண்டாடிவிடுவோமே, எல்லாரும் வந்திருக்கிறார்கள்" என்றார்.

சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் எங்கள் லயத்தோடு நிற்பதில்லை என்று அப்போது விளங்கியது. கேக் வெட்டினார்கள். எனக்கு வந்த துண்டு குழாயின் கைப்பிடி.

7

கழகத்தை விட்டு விலகிவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. சனிக்கிழமை போனேன், சோசேஜ் சுட்டேன். மார்கரெட் என்னோடு வெங்காயம் வெட்டினார். செயற்குழுவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஊற்றிலிருந்து பங்களாப் பக்கம் போகாமல், பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு ஊடாகச் சுற்றிக்கொண்டு ஒரு குழாய் இறங்க முடியும். தூரம் கூட. ஆனால் இடையில் பூட்டு வைக்க ஒரு பங்களா இல்லை. இதற்கும் தொரையின் சம்மதம் வேண்டும். இந்தத் தடவை தினேஷ் போய்க் கேட்கப்போவதில்லை, நானும் தனியாகப் போய்க் கேட்கப்போவதில்லை. பீலியில் வரிசை நிற்கிற அத்தனை பெண்களும் வந்து ஆபீஸ் வாசலில் நின்று கேட்க வேண்டும். வருவார்களா? எனக்குத் தெரியாது. அவர்கள் வேண்டாம் என்றால், அதையாவது என் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

அடுத்த மாதத்துக்கு லீவு எடுத்துவிட்டேன். கொழும்பிலிருந்து பஸ்ஸில்தான் போவேன். ருவான்வெல்லையில் இறங்கி, தினேஷின் கடைப்பக்கம் திரும்பாமல், பால் நிறுத்து முடிந்து பெண்கள் குடத்தோடு இறங்குகிற நேரத்துக்குப் பீலியில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு கரைக்க யாருக்கும் நேரம் கொடுக்கக் கூடாது. அக்கா என்னைக் கண்டதும் முகத்தைச் சரிசெய்துகொள்வாள். அதற்குள் நான் ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அக்கா கூப்பிட்டாள்.

"என்னாடி, எப்படி இருக்க, இன்னும் கோவமா? லீவு கெடைக்குமா இந்தப் பக்கம் வர?"

டிக்கெட் மேசைமேல் இருந்தது.

"இருக்கேன்க்கா" என்றேன். "நல்லா இருக்கேன்."